மலை வெளியில்தானே நிற்கிறது, அப்புறம் அது எப்படி ‘ஊடுருவிய’ பாறை?

சத்துவாச்சாரி அப்பா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம், வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் சமூக அறிவியல் தேர்வில் ஊடுருவிய தீப்பாறைக்கும் வெளிப்புறத் தீப்பாறைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டிருக்கிறார்கள். அவள், ‘பூமிக்கு உள்ளே இருப்பது ஊடுருவிய பாறை, பூமிக்கு வெளியே இருப்பது வெளிப்புறப் பாறை, எடுத்துக்காட்டு எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மலை’ என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் ஒரு கோடு, மதிப்பெண் இல்லை, ஏன் தவறு என்று ஒரு வார்த்தையும் இல்லை.

தாளை எடுத்துக்கொண்டு வந்து என்னைக் கேட்கிறாள். “கிரானைட் ஊடுருவிய பாறைன்னு புத்தகத்துல இருக்கு. நம்ம மலை கிரானைட்டுன்னு நீதானப்பா சொன்ன. அந்த மலை வெளியிலதானே வெயில் காயுது, எதுக்குள்ள ஊடுருவி இருக்கு?” நான் பி.காம். படித்துவிட்டு உதிரி பாகக் கடை வைத்திருப்பவன். என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. சின்ன வயதில் அந்தப் பாறையில் சறுக்கி விளையாடாத நாள் கிடையாது, ஆனால் அது எப்படி வந்தது என்று நானும் ஒருநாளும் கேட்டதில்லை. விஷயம் தெரிந்தவர்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை எழுதியது:

பாறை இப்போது எங்கே இருக்கிறது என்பது கணக்கே இல்லை. தீப்பாறை என்றாலே உருகிய பாறைக் குழம்பு ஆறி உறைந்தது. அந்தக் குழம்பு எங்கே ஆறி உறைந்தது, அதுதான் கணக்கு. பாப்பா எழுதியது தவறுதான், ஆனால் புத்தகத்தில் போட்டிருக்கிற ‘வெளிப்புற’ என்ற சொல்லைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

பாறை படித்தவள் எழுதியது:

நான் காட்பாடி. நிலவியல் படித்து, கொஞ்ச காலம் கள வேலையும் பார்த்தவள். பாலாற்றங்கரை சொன்னது சரி. அதையே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பாப்பாவை உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் வீட்டில் வெண்ணெய் உருக்குவார்கள் இல்லையா? காய்ச்சிய நெய்யைப் பாத்திரத்தோடு அடுப்படியில் ஒரு மூலையில் வைத்துவிட்டால் மெதுவாக ஆறி மணல் மணலாக உறையும். அதே நெய்யில் ஒரு கரண்டி எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், மெழுகு மாதிரி மழமழவென்று உறைந்துவிடும். இரண்டும் ஒரே வெண்ணெய்தான், ஆறிய வேகம் மட்டும் வேறு. பாறைக் குழம்பும் இப்படித்தான். பூமிக்குள்ளே பல கிலோமீட்டர் ஆழத்தில் மாட்டிக்கொண்ட குழம்புக்குச் சுற்றிலும் சூடான பாறை, மேலே கனமான கூரை. சூடு வெளியே போக வழி இல்லாமல் லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டு ஆறும். அவ்வளவு நேரம் கிடைப்பதால் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா என்ற கனிமங்கள் தனித்தனிப் படிகமாக, கண்ணால் பார்க்கிற அளவுக்கு வளர்ந்துவிடும். அதுதான் ஊடுருவிய பாறை, கிரானைட் அதில் ஒன்று. அதே குழம்பு எரிமலை வழியாக வெளியே வந்து காற்றிலோ தண்ணீரிலோ பட்டால் மேல்தோல் நிமிடங்களில் கெட்டிப்படும். படிகம் வளர நேரமே இல்லை. பொடிப்பொடியான மணிகளாக, சில சமயம் படிகமே இல்லாத கண்ணாடியாக நின்றுவிடும். அது வெளிப்புறப் பாறை, உமிழ்ந்த பாறை என்றும் சொல்வார்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். கிரானைட்டும் ரியோலைட்டும் ஏறக்குறைய ஒரே சரக்கு. கிரானைட்டாக உறைய வேண்டிய குழம்பு வெளியே வழிந்திருந்தால் அதன் பெயர் ரியோலைட். டயோரைட்டுக்கு ஆண்டிசைட், கேப்ரோவுக்குப் பசால்ட். உள்ளே ஆறியதற்கு ஒரு பெயர், வெளியே ஆறியதற்கு ஒரு பெயர்.

இனி மலைக்கு வருவோம். மலை வெளியே வரவில்லை. அதன் மேல் இருந்த கூரை போய்விட்டது.

சத்துவாச்சாரி அப்பா எழுதியது:

நெய் உதாரணம் உடனே பிடித்துக்கொண்டாள், நன்றி. ஆனால் கடைசி வரியில் நின்றுவிட்டாள். பல கிலோமீட்டர் கூரை என்றால் அது எங்கே போனது, யார் எடுத்தார்கள் என்கிறாள். எனக்கும் அதேதான்.

பாறை படித்தவள் எழுதியது:

மழையும் வெயிலும்தான். காலம் கொடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தேய்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மனித முடியின் தடிமன்கூட வராது. பத்து லட்சம் ஆண்டில் 10 மீட்டர். நூறு கோடி ஆண்டில் 10 கிலோமீட்டர். நம் பக்கத்துப் பாறைகளில் நிறைய 250 கோடி ஆண்டு வயது உள்ளவை. அவ்வளவு காலத்தில் கூரை போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அப்படிப் போன கூரையின் மிச்சத்தை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். பாலாற்று மணலை ஒரு பிடி அள்ளி வெயிலில் பாருங்கள். கண்ணாடி மாதிரி மின்னுவது குவார்ட்ஸ், வெள்ளையாகவோ மங்கிய இளஞ்சிவப்பாகவோ இருப்பது ஃபெல்ட்ஸ்பார். மலையில் இருந்த அதே மணிகள் கழன்று வந்து ஆற்றில் கிடக்கின்றன. அந்த மணலைத்தான் நாம் லோடு லோடாக அள்ளி வீடு கட்டி, ஆற்றையும் வெறும் பள்ளமாக்கிவிட்டோம். அது தனிப் பேச்சு. எனக்கு அதைப் பற்றி நிறையக் கோபம் உண்டு, இங்கே வேண்டாம்.

கூரை போனதற்கு இன்னொரு சாட்சி நம் மலைகளில் பாறை வெங்காயம் உரிகிற மாதிரி தகடு தகடாக உரிந்து கிடப்பது. மேலே இருந்த பாரம் இறங்கியதும் அடியில் அமுங்கிக் கிடந்த பாறை கொஞ்சம் உப்புகிறது, அப்போது மேற்பரப்புக்கு இணையாக விரிசல் விடுகிறது. சறுக்கி விளையாடினேன் என்றீர்களே, அந்த வழுவழுப்பான சரிவு அப்படி உரிந்த ஒரு முகமாகத்தான் இருக்கும்.

கல்தச்சர் வீட்டுப் பிள்ளை எழுதியது:

ஐந்தாறு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் தாத்தா, அப்பா இருவரும் கல் வேலை. அம்மி, ஆட்டுக்கல், உரல், கோயில் தூண் எல்லாம் செய்தவர்கள். எங்கள் வீட்டில் இந்தப் பெயர்கள் எதுவும் கிடையாது. எல்லாமே கருங்கல்தான். கருங்கல்லுக்குள்ளே ஆண்கல், பெண்கல் என்று ஓசையை வைத்துப் பிரிப்பார்கள். உளியால் தட்டினால் வெண்கல மணி மாதிரி கணீரென்று கேட்டால் ஒன்று, அடங்கிக் கேட்டால் ஒன்று. கல் எந்த வாட்டத்தில் பிளக்கும் என்று தாத்தா தண்ணீர் தெளித்துப் பார்த்தே சொல்லிவிடுவார், ஆப்பு வைத்தால் அந்தக் கோட்டிலேயே பிளந்து நிற்கும்.

எனக்கு இருக்கிற சங்கடம் கருங்கல் என்ற சொல்தான். கிரானைட்டுக்கும் கருங்கல் என்கிறார்கள், சிலர் பசால்ட்டுக்கும் கருங்கல் என்றே எழுதுகிறார்கள், ஜல்லி உடைக்கிற கல்லுக்கும் அதே பெயர். இப்படி ஒரே சொல்லைப் போட்டால் உள்ளே உறைந்தது எது, வெளியே உறைந்தது எது என்று பிள்ளைகளுக்கு எப்படிப் பிரியும்?

அம்மிக்கு வருகிறேன். பெரிய மணி உள்ள கல்லில்தான் அம்மி நன்றாக இருக்கும் என்பார் அப்பா. அரைக்க அரைக்க மழமழத்துவிட்டால் உளி வைத்துக் கொத்துவோம். இப்போது நீங்கள் சொன்ன படிகக் கணக்கை வைத்து யோசித்தால், குவார்ட்ஸ் கெட்டி, மைக்கா மெத்து. மெத்தென்றது முதலில் தேயும், கெட்டியானது துருத்திக்கொண்டு நிற்கும், அதனால்தான் சொரசொரப்பு நிற்கிறதோ?

பாறை படித்தவள் எழுதியது:

அதேதான். ஒரே அளவு கெட்டியான பொருளாக இருந்தால் சீக்கிரம் மழமழத்துவிடும். உங்கள் அப்பா சொன்னதை நான் கல்லூரியில் வேறு வார்த்தையில் படித்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். கருங்கல் என்ற சொல் பற்றி நீங்கள் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அது கல் வேலைக்காரரின் சொல், வேலைக்கு ஏற்றபடி பிறந்த சொல், அதை அப்படியே விட்டுவிட வேண்டும். பாடத்தில் கிரானைட், பசால்ட் என்றே எழுதுவது நல்லது.

ஆம்பூர்க்காரன் எழுதியது:

ஏலகிரி ஒரு காலத்தில் எரிமலை என்று ஒரு செய்தி சுற்றுகிறதே, வாட்ஸ்அப்பில் எனக்கே நாலு முறை வந்தது. மலை மேலே கிண்ணம் மாதிரி சமவெளி, நடுவில் ஏரி, பார்த்தால் எரிமலை வாய் மாதிரியேதான் இருக்கிறது. அண்ணாமலையும் நெருப்பு மலை என்றுதானே காலங்காலமாகச் சொல்கிறோம். வேலூர் வெயிலுக்கே அதுதான் காரணம் என்று எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அடித்துச் சொல்வார்.

பாறை படித்தவள் எழுதியது:

தம்பி, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏலகிரி உண்மையிலேயே விசேஷமான மலை. ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

ஏலகிரியின் பாறை சையனைட் (syenite). பார்வைக்குக் கிரானைட் மாதிரி இருக்கும், ஆனால் குவார்ட்ஸ் மிகக் குறைவு அல்லது இருக்கவே இருக்காது, பெரும்பகுதி ஃபெல்ட்ஸ்பார். மணிகள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அதாவது மெதுவாக, ஆழத்தில் ஆறியது. வயது சுமார் 75 கோடி ஆண்டு. சுற்றியிருக்கும் பழைய பாறைகளைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறி வந்த குழம்பு, தரைக்கு வராமலே உறைந்துபோனது. இன்று நீங்கள் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிற மலை அந்த உறைந்த கட்டிதான். அதற்கு மேலே ஏதாவது எரிமலை இருந்திருந்தால்கூட அது எப்போதோ அரித்துப் போயிருக்கும். மேலே இருக்கும் கிண்ணம் எரிமலை வாய் இல்லை, ஏரியும் மனிதர்கள் வெட்டியது.

அதைவிடப் பெரிய அதிசயம் பக்கத்திலேயே இருக்கிறது. திருப்பத்தூர் அருகே சேவத்தூர். அங்கே கார்பனடைட் என்று ஒரு பாறை. தீப்பாறைதான், குழம்பாக வந்து உறைந்ததுதான், ஆனால் சிலிக்காவுக்குப் பதில் கார்பனேட். கால்சைட் நிறைந்த துண்டில் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் மாதிரி நுரைக்கும். முதல் முறை நான் பார்த்தபோது நம்பவே முடியவில்லை, கடற்கரையில் கிளிஞ்சல் படிந்து உருவாகிற கல்தான் நுரைக்கும் என்று மனதில் பதிந்திருந்தது. அந்த இடத்தில் தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமின் வெர்மிகுலைட் எடுத்திருக்கிறது. சூடு காட்டினால் பொரி மாதிரி உப்புமே, செடித் தொட்டியில் போடுகிறார்களே, அந்தப் பொருள்.

இப்போது பாப்பாவின் கேள்வியை இதில் வைத்துப் பாருங்கள். சேவத்தூரில் உள்ளே உறைந்த கார்பனடைட் இருக்கிறது. அதன் வெளிப்புற உறவுக்காரரைப் பார்க்க வேண்டும் என்றால் ஆப்பிரிக்காவில் தான்சானியாவுக்குப் போக வேண்டும். அங்கே ஓல் டோயின்யோ லெங்காய் என்ற எரிமலை கார்பனேட் குழம்பையே கக்குகிறது. அதில் கால்சியத்தைவிட சோடியம் தூக்கல், அதனால் அச்சு அசலாக நம் ஊர்ச் சரக்கு என்று சொல்ல முடியாது, ஆனால் குடும்பம் ஒன்று. சாதாரண பசால்ட் லாவா 1,100 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது இது 500, 600 டிகிரியிலேயே ஓடும். பகலில் பார்த்தால் செக்கச்சிவப்பாக இருக்காது, கறுத்த சேறு ஓடுவது போலத்தான் இருக்குமாம்.

அண்ணாமலை பற்றி: அது நெருப்பு மலை என்பது பக்தியில் சொல்வது, அதன் பொருள் வேறு, அதை நான் கல்லை வைத்து அளக்க மாட்டேன். அந்த மலையில் லாவா ஓடிய தடம் கிடையாது, அதை மட்டும் சொல்லலாம். வேலூர் வெயிலுக்கும் எரிமலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கடல் காற்று எட்டாத தூரம், சுற்றிலும் பகலெல்லாம் காய்ந்து இரவில் சூட்டை விடுகிற மொட்டைப் பாறை, அதுவே போதும்.

புனேவிலிருந்து எழுதியது:

சொந்த ஊர் குடியாத்தம் பக்கம், பதினெட்டு வருஷமாகப் புனேயில் வேலை. வெளிப்புறப் பாறை எப்படி இருக்கும் என்று பாப்பாவுக்குத் தெரிய வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும். இந்த ஊரே லாவாவின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தக்காணப் பசால்ட், ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் தரையில் பிளவு விட்டு அலை அலையாக வழிந்தது, இன்று மிச்சம் இருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் ஊரில் மலை என்றால் உருண்டை உருண்டையாக, பாறை மேல் பாறை அடுக்கி வைத்தது போல இருக்கும். இங்கே மலைகள் படிக்கட்டு மாதிரி இருக்கின்றன, உச்சி பலகை போலத் தட்டை. ஒவ்வொரு படியும் லாவா ஓடிய ஓர் அடுக்கு. ‘ட்ராப்’ என்று ஆங்கிலத்தில் சொல்கிற பெயரே படிக்கட்டு என்ற ஸ்வீடன் மொழிச் சொல்லிலிருந்து வந்ததாம்.

முதல் மழைக்காலத்தில் சிங்ககட் கோட்டைக்கு ஏறியபோது ஒரு கல்லை உடைத்துப் பார்த்தேன். கறுப்பு, ஒரு மணியும் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் முழுக்க இட்லி மாதிரி துளைகள். குழம்பிலிருந்த வாயு வெளியேறப் பார்த்து, அதற்குள் கல் உறைந்துவிட்டதால் குமிழி அப்படியே நின்றுபோனது என்று பிறகு தெரிந்துகொண்டேன். சில துளைகளில் பின்னால் வந்த நீர் வெள்ளையாக, பச்சையாகப் படிகங்களை நிரப்பி வைத்திருக்கும். புனே, நாசிக் பக்கத்துக் குவாரிகளின் ஜியோலைட் படிகங்கள் உலகம் முழுக்க அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நம் ஊர்ப் பாறையில் இந்தக் குமிழித் துளையை ஒருநாளும் பார்த்ததில்லை, நீங்கள் யாராவது பார்த்ததுண்டா?

எல்லோரா கைலாசநாதர் கோயிலும் இந்தப் பசால்ட்டில்தான், எட்டாம் நூற்றாண்டு, மேலிருந்து கீழே குடைந்து இறக்கியது. அதைப் பார்த்தபோது நம் மகேந்திரவாடி ஞாபகம் வந்தது. சோளிங்கர் பக்கம் ஏரிக்கரையில் தனியாகக் கிடந்த ஒரே பாறையைக் குடைந்து மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எடுத்த குடைவரை. கைலாசநாதர் முன்னால் அது சின்னது, நான்கு பேர் சேர்ந்து நின்றால் நிறைந்துவிடும் போல இருக்கும். ஆனால் கல்லைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எது கஷ்டம்?

கல்தச்சர் வீட்டுப் பிள்ளை எழுதியது:

எங்கள் பக்கத்துக் கல்தான் கஷ்டம், சந்தேகமே வேண்டாம். குவார்ட்ஸ் இருக்கிற கல் உளியைத் தின்றுவிடும். அப்பா ஒரு தூண் முடிப்பதற்குள் எத்தனை முறை உளியைக் காய்ச்சி முனை அடித்துத் தண்ணீரில் தோய்த்துக்கொண்டு வருவார் என்று எனக்குத் தெரியும். பல்லவர் குடைவரைகளில் தூண் கட்டையாக, சதுரமாக, சிற்பம் குறைவாக இருப்பதைப் பார்த்து ஆரம்ப காலத்து வேலை என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் ஒரு முறை அந்தக் கல்லில் உளி வைத்துப் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் அதே மாதிரிக் கல்லில் வேலூர்க் கோட்டை ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களைச் செதுக்கியிருக்கிறார்கள் என்றால், இடையில் எத்தனை தலைமுறை கை பழகியிருக்க வேண்டும்!

மேடைக்கல் கடை எழுதியது:

நான் சமையல் மேடைக்குக் கல் விற்கிறவன், தயவுசெய்து ஒரு விஷயம் தெளிவாகச் சொல்லுங்கள். எங்களிடம் ‘கறுப்பு கிரானைட்’ என்று வாங்குகிறார்கள். திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துச் சரக்கு நிறைய வரும், மெருகு ஏற்றினால் முகம் தெரியும். இந்த இழையில் சொல்கிற கிரானைட் வெள்ளையும் சாம்பலுமாக இருக்கிறது. அப்படியானால் கறுப்பு எது? மணி ரொம்பச் சின்னதாக இருக்கிறது, எங்கள் கடைப் பையன் இதைப் படித்துவிட்டு, ‘பொடி மணி, கறுப்பு, ஆகவே இது லாவா’ என்று வாடிக்கையாளரிடமே சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

பாறை படித்தவள் எழுதியது:

பையனை நிறுத்தச் சொல்லுங்கள், அது லாவா இல்லை. கறுப்பு கிரானைட் என்பது வியாபாரப் பெயர். அதில் பெரும்பாலானவை டோலரைட் அல்லது கேப்ரோ. ஆந்திராவில் ஓங்கோல் பக்கம் சீமகுர்த்தியிலிருந்து வரும் பிளாக் கேலக்ஸிகூட கேப்ரோ வகைதான், பொன் துகள் மாதிரி மின்னுவது அதிலுள்ள ஒரு பைராக்சின் கனிமம், தங்கம் இல்லை.

நம் பக்கத்து டோலரைட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பழைய பாறையில் விரிசல் விட்டபோது கீழேயிருந்து குழம்பு அந்த விரிசலில் ஏறி, சுவர் மாதிரி உறைந்து நின்றுவிட்டது. மேலிருந்து பார்த்தால் வெளிறிய தரையில் கறுப்புக் கோடு கிலோமீட்டர் கணக்கில் நேராக ஓடும், டைக் என்பார்கள். இவற்றின் வயதும் நூறு கோடி ஆண்டுக்கு மேலே. பாடப் புத்தகத்தில் அடியாழப் பாறை, இடையாழப் பாறை என்று இருக்கிறதே, இந்த டைக் இடையாழம். கிரானைட் அளவுக்கு ஆழமும் இல்லை, தரைக்கும் வரவில்லை, மணியும் நடுத்தரம்.

டைக் வெட்டுகிற குவாரியில் ஓரத்திலிருந்து நடு வரைக்கும் கல்லை வரிசையாகப் பார்த்திருக்கிறீர்களா? பழைய பாறையை ஒட்டிய ஓரத்தில் மணியே தெரியாது, மாவு மாதிரி. நடுவுக்குப் போகப் போக மணி பெரிதாகும். சூடான குழம்பு குளிர்ந்த சுவரைத் தொட்ட இடத்தில் சட்டென்று உறைந்துவிட்டது, நடுவில் மெதுவாக ஆறியது. தோசைக்கல்லில் ஓரம் முறுகி நடு மெத்தென்று இருப்பதைப் போல என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது தலைகீழ், குழப்பிவிடும், வேண்டாம்.

பாலாற்றங்கரை எழுதியது:

அப்படியானால் ஒரு சிக்கல் இருக்கிறது அம்மா. மணி சின்னதாக இருந்தால் வெளிப்புறம், பெரிதாக இருந்தால் ஊடுருவியது என்றுதான் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். டைக் ஓரம் உள்ளேதான் உறைந்தது, ஆனால் மணி பொடி. விதி உடைந்துவிட்டதே?

பாறை படித்தவள் எழுதியது:

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். மணியின் அளவு சொல்வது ஆறிய வேகத்தை. இடத்தை அது நேரடியாகச் சொல்லாது. உள்ளே என்றால் பொதுவாக மெதுவாக ஆறும், வெளியே என்றால் பொதுவாகச் சீக்கிரம் ஆறும், அதனால் பத்துக்கு எட்டு தடவை அந்த விதி வேலை செய்கிறது. மீதி இரண்டில்தான் பாறை நம்மிடம் உண்மையில் பேசுகிறது.

வெளியே வந்தும் மெதுவாக ஆறியதற்கு ஓர் உதாரணம்: ஹவாயில் 1959-ல் கிலாவேயா இக்கி என்ற பள்ளத்தில் லாவா நூறு மீட்டருக்கு மேல் ஆழமாகத் தேங்கி ஏரியாக நின்றது. மேலே தோல் உடனே கட்டிவிட்டது, மக்கள் அதன் மேல் நடந்தார்கள். ஆனால் அடி வரைக்கும் கெட்டிப்பட 1990களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. நூறு மீட்டர் தடிமனுக்கே முப்பத்தைந்து ஆண்டு, அதுவும் திறந்த வானத்தின் கீழே. இதை வைத்துப் பல கிலோமீட்டர் தடிமனான கட்டி, கூரையும் மூடியிருந்தால் எத்தனை காலம் என்று பாப்பாவே ஊகிக்கட்டும்.

இரண்டு வேகமும் ஒரே கல்லில் இருப்பதும் உண்டு. கொஞ்ச காலம் ஆழத்தில் கிடந்து சில படிகங்கள் பெரிதாக வளர்ந்த பிறகு, குழம்பு திடீரென்று மேலே வந்து மீதி பொடியாக உறைந்துவிடும். பொங்கலில் முந்திரி கிடப்பது போலப் பொடி மணிக்கு நடுவே பெரிய படிகங்கள் கிடக்கும். அந்தக் கல்லைப் பார்த்தால் அது எங்கே எவ்வளவு நேரம் தங்கிவிட்டு வந்தது என்று சொல்லிவிடலாம். மறுபக்கம் பெக்மடைட் இருக்கிறது, கை அகலத்துக்கு ஃபெல்ட்ஸ்பார், ஏடு ஏடாக உரியும் மைக்கா. அது வெறும் மெதுவான ஆறலால் மட்டும் வந்ததில்லை. கடைசியில் மிஞ்சிய குழம்பில் தண்ணீர் நிறைய இருப்பதால் அணுக்கள் தாராளமாக நகர்ந்து பெரிய படிகமாகச் சேர்கின்றன.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வேலூர் மலைகள் எல்லாம் கிரானைட் என்று நாம் பேசிக்கொண்டு வந்தது வசதிக்காகத்தான். இங்கே பெரும்பகுதி நைஸ், சார்னகைட். கிரானைட் இல்லாமலும் இல்லை. நைஸ் என்பது பெரும்பாலும் ஆழத்தில் உறைந்த தீப்பாறையாகப் பிறந்து, பிறகு இன்னும் ஆழத்தில் அமுங்கி, வெந்து, மணிகள் வரிவரியாக அடுக்கிக்கொண்ட உருமாறிய பாறை. சார்னகைட் கதை நம் சென்னையோடு சேர்ந்தது: கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருந்த கல்லைப் பார்த்து ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1890களில் வைத்த பெயர், அந்தக் கல் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல். எண்ணெய் தடவியது போலக் கருநீலமாக இருக்கும். அதைத் தீப்பாறை என்றுதான் முதலில் எழுதினார்கள். பின்னால் பெரும்பாலானது உருமாறியது என்று தெரிந்தது. பெரியவர்களுக்கே இவ்வளவு குழப்பம் இருந்த இடத்தில் ஒரு பிள்ளை தடுமாறியதற்கு வெறும் சிவப்புக் கோடு போட்டிருக்க வேண்டாம்.

சத்துவாச்சாரி அப்பா எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குக் கூட்டிப்போனேன். நகை பார்க்கிற லென்ஸ் ஒன்றைத் தெரிந்த பட்டறையில் இரவல் வாங்கினேன். அகழி ஓரத்துச் சுவரில் கண்ணை வைத்தவள் அரை மணி நேரம் எடுக்கவில்லை. கண்ணாடி மாதிரி ஒன்று, தட்டையாக வெயிலைத் திருப்பி அடிக்கிற வெள்ளை ஒன்று, கறுப்புச் செதில் ஒன்று என்று மூன்றையும் கண்டுபிடித்துவிட்டாள். சில கற்களில் கறுப்பு வரி வரியாக ஓடுகிறது, அது நைஸ்தானே என்றாள். நாற்பது வருஷமாக அந்தச் சுவரைத் தாண்டிப் போகிறேன், கல் எல்லாம் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். குமிழித் துளை தேடினாள், ஒன்றும் கிடைக்கவில்லை. நம் பக்கத்தில் லாவா கல் எங்கேயுமே கிடையாதா என்று கேட்கச் சொன்னாள்.

பாறை படித்தவள் எழுதியது:

இருக்கிறது, ரொம்பத் தூரமும் இல்லை. கோலார்.

காட்பாடியில் ரயில் ஏறி ஜோலார்பேட்டை தாண்டிப் பங்காருபேட்டையில் இறங்கி மாரிகுப்பம் வண்டி பிடித்தால் போய்விடலாம். தங்கம் எடுத்தார்களே, அந்தச் சுரங்கத்தின் பாறை ஒரு காலத்தில் லாவா. ஏறக்குறைய 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வழிந்த பசால்ட். தண்ணீரில் வழிகிற லாவா தலையணை தலையணையாக உருண்டு உறையும், அந்த வடிவத்தின் தடம் அங்கே சில இடங்களில் இன்னும் இருக்கிறது. பிறகு அமுங்கி, சூடேறி ஆம்பிபோலைட் என்ற கருமையான பாறையாகிவிட்டது, அதனால் குமிழித் துளையைத் தேடினால் கிடைக்காது. தங்கம் அந்தப் பாறைக்குள்ளே பின்னால் ஏறிய குவார்ட்ஸ் நரம்புகளில் இருந்தது. வெளியே வழிந்த லாவாவுக்குள் இருந்த தங்கத்தைத் தேடி மனிதர்கள் 3 கிலோமீட்டருக்கு மேல் பூமிக்குள்ளே இறங்கினார்கள். கூரை போய் வெளியே வந்த உங்கள் மலைக்கு நேர் எதிர்க் கதை. இதையும் பாப்பாவிடம் சொல்லுங்கள்.

குடியாத்தம் பேத்தி எழுதியது:

கணக்கு தொடங்கி இதுதான் என் முதல் பதிவு. எங்கள் தாத்தா கோலாரில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். நம் வட ஆற்காட்டிலிருந்து போனவர்கள்தான் அங்கே அதிகம். 2001-ல் சுரங்கத்தை மூடுவதற்கு முன்பே ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்டார். வரும்போது ஒரு கல் கொண்டுவந்தார். உள்ளங்கை அளவு, கறுப்பு, பார்க்கிற அளவைவிடக் கனம் அதிகம், ஒரு பக்கம் ஊசி ஊசியாக மின்னும், நடுவில் வெள்ளைக் கோடு ஒன்று குறுக்கே போகும். தங்கம் இருக்கிறதா என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள், இல்லை என்று தெரிந்ததும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது என்ன கல் என்று சொல்ல முடியுமா?

பாறை படித்தவள் எழுதியது:

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஆம்பிபோலைட்தான். ஊசி ஊசியாக மின்னுவது ஹார்ன்பிளெண்ட், வெள்ளைக் கோடு குவார்ட்ஸ் நரம்பு. கனமாக இருப்பதும் சரி, இரும்பும் மெக்னீசியமும் அதிகம் உள்ள பாறை. சுரங்கத்துக்குள்ளிருந்து தாத்தா எடுத்ததென்றால், அது கடலடியில் ஓடிய லாவாவின் ஒரு துண்டு அம்மா. பத்திரமாக வையுங்கள்.

குடியாத்தம் பேத்தி எழுதியது:

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இத்தனை வருஷமாக மாடியில் வடகம் காய வைக்கும்போது துணி பறக்காமல் மூலையில் வைக்கிற கல் அதுதான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மேலே போய் எடுத்துவந்து கழுவித் துடைத்துத் தாத்தா படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். துணிக்கு வேறு கல் எடுத்துக்கொண்டோம், பக்கத்துக் கரட்டில் கிடந்தது, வெள்ளையும் சாம்பலுமாகப் பெரிய மணி.